அட்டையில் இடம்பெறாத பத்தாம் வசனம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் சிங்கப்பூரின் தமிழ்ச் சபைகள் பலவற்றில், ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு முழுக்க அது உங்கள் வசனம். சிலர் பர்சில் வைப்பார்கள், சிலர் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவார்கள். எரேமியா 29:11 கைக்கு வந்துவிட்டால் கூடுதல் சந்தோஷம். “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்ற அந்த வசனத்தைத்தான் வேலை போனவருக்கும், ஓ நிலைத் தேர்வு எழுதும் பிள்ளைக்கும், ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருப்பவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அதற்கு முந்தைய வசனத்தை யாரும் அனுப்புவதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் உங்களைச் சந்திப்பேன் என்கிறது பத்தாம் வசனம்.

கஷ்ட காலத்தில் கடவுள் கூட இருக்கிறார், வழிநடத்துகிறார் என்று நம் ஜெபக்கூட்டங்களில் சொல்கிறோமே, அதன் பொருள் இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்துப் படிக்கும்போது நன்றாகவே மாறிவிடுகிறது.

முதலில் பின்னணி. கி.மு. 597-இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். இளம் அரசன் எகொனியாவையும் அவனுடைய தாயையும் பிரபுக்களையும் பிடித்துக்கொண்டு போனான். கூடவே தச்சர்களையும் கொல்லர்களையும் கொண்டுபோனான் என்று வேதம் குறிப்பிட்டுச் சொல்கிறது. கைத்தொழில் தெரிந்தவர்கள் எந்தப் பேரரசுக்கும் தேவைப்படுகிறவர்கள். எருசலேமில் மிஞ்சியிருந்த தீர்க்கதரிசி எரேமியா, அப்படிப் போனவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். புதிய அரசன் சிதேக்கியா பாபிலோனுக்கு அனுப்பிய தூதர்கள் இருவர் கையில் அது போனது. அந்தக் கடிதம்தான் 29ஆம் அதிகாரம்.

அதில் முதலில் என்ன இருக்கிறது தெரியுமா? வீடு கட்டுங்கள். குடியிருங்கள். தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அங்கே குறைந்துபோகாமல் பெருகுங்கள். அப்புறம், கடிதத்தைப் படித்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கக்கூடிய ஒரு வரி: உங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள். “தீமைக்கல்ல” என்ற வாக்கு இத்தனைக்கும் பிறகுதான் வருகிறது. ஊர் திரும்பப் பெட்டி கட்டி வைத்திருந்தவர்களுக்கு, பெட்டியைப் பிரித்துச் சாமான்களை அடுக்குங்கள் என்று வந்த கடிதம் அது.

அதே காலத்தில் வேறொரு தீர்க்கதரிசியும் பேசிக்கொண்டிருந்தான். பெயர் அனனியா, கிபியோன் ஊர்க்காரன். பாபிலோனின் பிடியில் கொஞ்ச காலம் இருந்துதான் ஆக வேண்டும் என்பதைக் காட்ட எரேமியா கழுத்தில் மரநுகத்தைப் போட்டுக்கொண்டு நடமாடினார். அனனியா தேவாலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, எழுந்து பேசினான். இரண்டே வருஷம், எல்லாம் திரும்பிவிடும், அரசனும் வருவான், ஆலயப் பாத்திரங்களும் வரும் என்றான். எரேமியா உடனே சண்டைக்குப் போகவில்லை. “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்றார். எனக்கு அந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சீக்கிரம் விடிய வேண்டும் என்ற ஆசை எரேமியாவுக்கும் இருந்தது. ஆனால் ஆசை வேறு, கர்த்தர் சொன்னது வேறு என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது. அனனியா அந்த நுகத்தைக் கழற்றி முறித்துப் போட்ட பிறகும் எரேமியா பதில் பேசாமல் தன் வழியே போய்விட்டார். பிறகுதான் கர்த்தருடைய வார்த்தை அவருக்கு வந்தது: மரநுகத்தை முறித்தாய், அதற்குப் பதிலாக இரும்பு நுகம் வரும்.

அனனியாவின் பிரசங்கத்துக்குத்தான் அன்று கூட்டம் சேர்ந்திருக்கும். இன்றும் அப்படித்தான். “இந்த மாதம் முடிவதற்குள் கர்த்தர் வாசலைத் திறப்பார்” என்று சொல்லும் ஊழியருக்கு வரும் ஆமென், “இது கொஞ்ச காலம் எடுக்கும், நாங்கள் கூட இருக்கிறோம்” என்று சொல்பவருக்கு வருவதில்லை.

பாபிலோன் கி.மு. 539-இல் பாரசீக அரசன் கோரேசின் கைக்குப் போனது. 597-லிருந்து கணக்கிட்டால் 58 ஆண்டுகள். எழுபதை எங்கிருந்து எண்ணுவது என்பதில் வேத அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நமக்கு இங்கே அது பெரிய விஷயமில்லை. கடிதம் கிடைத்தபோது நடுத்தர வயதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே கண்மூடியிருப்பார்கள் என்பதுதான் விஷயம். பதினோராம் வசனம் சொல்லும் “எதிர்பார்த்திருக்கும் முடிவு” அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அப்படியானால் அந்த வாக்கு அவர்களுக்குப் பொய்த்துவிட்டதா? இல்லை என்றுதான் கடிதம் சொல்கிறது. என்னைத் தேடினால் கண்டடைவீர்கள் என்ற வரி பாபிலோனில் இருக்கிறவர்களுக்கு எழுதியது. ஆலயம் இல்லாத, பலி செலுத்த முடியாத அந்நிய மண்ணில் கடவுளைக் கண்டுபிடிக்கலாம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய செய்தி.

நம் சபைகளே கப்பலேறி வந்தவர்களால் உண்டானவை. மெதடிஸ்ட் பணி இங்கே 1885-இல் தொடங்கியது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று ஓஃபிர் சாலையில் லூர்து மாதா ஆலயம் 1888-இல் எழுந்தது. இருந்தாலும் பாபிலோன் உவமையை நான் அளவுக்கு மீறி இழுக்க மாட்டேன். நம்மில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி, நாமாகவே டிக்கெட் எடுத்து வந்தவர்கள். யாரும் நுகம் போட்டு இழுத்து வரவில்லை. ஆனால் காத்திருப்பு என்றால் என்ன என்பது இங்குள்ள தமிழருக்கு நன்றாகத் தெரியும். எம்ப்ளாய்மெண்ட் பாஸில், அதாவது வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில், இருக்கும் ஒருவருக்கு ஆட்குறைப்பில் வேலை போனால், பாஸ் ரத்தானதும் பொதுவாக 30 நாள் தங்கும் அனுமதி கிடைக்கும். அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும். இல்லையென்றால் ஊருக்குப் போக வேண்டும். அவரைச் சார்ந்து பாஸில் இருக்கும் மனைவி, பிள்ளைகளின் அனுமதியும் சேர்ந்தே போகும். வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளி, ஊரில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக் கடன், எல்லாம் அந்த 30 நாளில் அடைபட்டுவிடும்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஜெபக்குழு வரும்போது என்ன சொல்லும்? பெரும்பாலும் அனனியா சொன்னதைத்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை, அன்பில்தான். “அண்ணே, இருபத்தொன்பதாவது நாளில்கூட கர்த்தர் அற்புதம் செய்வார்.” செய்யலாம். செய்த சாட்சிகளையும் நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் முப்பத்தொன்றாவது நாள் சாங்கி விமான நிலையத்தில் பிள்ளைகளோடு நிற்கும் அண்ணன் சாட்சி சொல்ல மைக் பிடிக்க மாட்டார். அவர் கதை சபைக்குத் தெரியாமலேயே போய்விடும். கொஞ்ச நாளில் யாராவது, விசுவாசம் போதவில்லையோ என்று முணுமுணுப்பார்கள். இந்தப் பேச்சைவிடக் கொடுமையான ஒன்று நம் சபைகளில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வேதத்தில் கடவுள் கூட இருப்பதாகச் சொல்லும் இடங்களைத் தேடிப் பாருங்கள். “கர்த்தர் யோசேப்போடே இருந்தார்” என்ற வரி ஆதியாகமம் 39-இல் வருகிறது. எங்கே? அவன் எகிப்திய அதிகாரி போத்திபாரின் வீட்டில் அடிமையாக இருக்கும்போது ஒரு முறை, பொய்க் குற்றச்சாட்டில் சிறையில் இருக்கும்போது ஒரு முறை. பதினேழு வயதில் கதைக்குள் வருகிறவன் பார்வோன் முன் நிற்கும்போது வயது முப்பது. நடுவில், விடுதலையாகிப் போன பானபாத்திரக்காரன் அவனை மறந்துபோய் முழுசாக இரண்டு வருஷம் கழிந்தது. அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி வேதம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கனவு இல்லை, தரிசனம் இல்லை. கர்த்தர் கூட இருந்தார் என்பது கதை சொல்கிறவருக்குத் தெரிகிறது. உள்ளே இருந்த யோசேப்புக்கு எவ்வளவு தெரிந்தது என்று நாம் யூகிக்கத்தான் முடியும்.

சங்கீதங்களும் அப்படித்தான். மொத்தம் 150-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். “எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று கடவுளையே நேராகக் கேட்கிற பாட்டுகள். அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் துதியில் போய் முடியும். 88ஆம் சங்கீதம் முடியாது. நண்பர்கள் விலகிப்போனார்கள், இருட்டு என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். அதையும் தேவாலயத்தில் பாடும் பாட்டாகத்தான் தொகுத்து வைத்தார்கள். நம் ஞாயிறு ஆராதனையில் திரையில் ஓடும் பாடல்களில் இந்த மாதிரி ஒன்றைப் பாடிய நினைவு உங்களுக்கு இருக்கிறதா? எனக்கு இல்லை.

இந்த ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். லியோனார்ட் வில்சன் 1941-இல் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயராக வந்தார். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஆண்ட்ரூ ஒகாவா என்ற ஜப்பானிய அதிகாரி, அவரும் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர், உதவி செய்ததால் ஓராண்டு வெளியில் இருந்து ஊழியம் செய்ய முடிந்தது. எதிரிப் படையின் சீருடைக்குள்ளிருந்து உதவி வந்தது! 1943-இல் வில்சனைச் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். அந்த செப்டம்பரில் துறைமுகத்தில் கப்பல்கள் வெடித்துச் சேதமடைந்தன. செய்தவர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து ரகசியமாக வந்த கமாண்டோக்கள். ஜப்பானியரோ சாங்கிக் கைதிகளைச் சந்தேகித்தார்கள். அக்டோபர் 10-இல் கெம்பெத்தாய் ராணுவப் போலீஸ் சிறைக்குள் புகுந்தது. இதைத்தான் இரட்டைப் பத்துச் சம்பவம் என்கிறோம். 57 பேர் பிடிபட்டார்கள், 15 பேர் இறந்தார்கள். சில நாளில் வில்சனும் கொண்டுபோகப்பட்டார். நாள் கணக்கில் அடி.

உன் கடவுள் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்று அடிக்கிறவர்கள் கேட்டார்கள். போருக்குப் பிறகு 1946-இல் பிபிசி வானொலிப் பிரசங்கத்தில் வில்சன் தாம் சொன்ன பதிலை விவரித்தார்: காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறார், வலியிலிருந்து விடுவித்து அல்ல, வலியைத் தாங்கும் ஆவியைக் கொடுத்து. அந்தப் பிரசங்கத்தில் அவர் தம்மை வீரனாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடிக்கிறவர்களை மன்னிப்பது எப்படி என்று திண்டாடியதையும், அவர்கள் ஒரு காலத்தில் குழந்தைகளாக இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்ததையும் சொன்னார். தம்மை வதைத்தவர்களில் ஒருவருக்குப் பிற்பாடு, சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் திடப்படுத்தல் சடங்கையும் நடத்திவைத்தார். அதே சம்பவத்தில் பிடிபட்ட எலிசபெத் சோய், கணவரோடு சேர்ந்து மருத்துவமனை உணவகம் நடத்தியபடி சாங்கிக் கைதிகளுக்குப் பணமும் உணவும் கடிதங்களும் கடத்தியவர். ஆர்ச்சர்ட் சாலையில் அன்றிருந்த ஒய்எம்சிஏ கட்டடத்தில் ஏறக்குறைய 200 நாள் அடைபட்டிருந்தார். போருக்குப் பின், தம்மை வதைத்தவர்களுக்கு மரண தண்டனை கேட்க மறுத்துவிட்டார்.

தப்பி வந்தவர்களின் கதை மட்டும் இது என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். அந்த 15 பேர் வானொலியில் பேசவில்லை. அதனால்தான் வில்சனின் பதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அவர் அதைச் சொன்னபோது தப்புவோம் என்று அவருக்கே தெரியாது. தானியேல் புத்தகத்தில் சூளைக்கு முன் நிற்கும் மூன்று இளைஞர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், “விடுவிக்காமற்போனாலும்” சிலையை வணங்க மாட்டோம். தமிழர்களாகிய நமக்கு இது புதிதும் இல்லை. நீற்றறையில் ஏழு நாள் அடைபட்ட திருநாவுக்கரசர், மாசில் வீணையும் மாலை மதியமும் போல ஈசன் இணையடி நிழல் இருக்கிறது என்று உள்ளே இருந்தபடியே பாடியதாகச் சைவ மரபு சொல்கிறது. கதவு திறந்த பிறகு பாடியது அல்ல அது.

சரி, வழிநடத்துதல்? கூட இருக்கிறார் என்பதாவது ஆறுதல். எந்தப் பக்கம் திரும்புவது என்பதுதானே அன்றாடக் கேள்வி. இதற்கு எங்கள் வட்டத்தில் பிரபலமான பதில், ‘சமாதானம் இருந்தால் தேவ சித்தம்’ என்பது. அது முழுப் பதில் இல்லை. அப்போஸ்தலர் 16-இல் பவுல் ஆசியாவுக்குப் போகப் பார்க்கிறார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அதற்கும் தடை. துரோவாவில் ஒரு தரிசனம் கிடைத்து, மக்கெதோனியாவுக்குக் கப்பலேறுகிறார். இவ்வளவு தெளிவான வழிநடத்துதலுக்குப் பிறகு போய்ச் சேர்ந்த பிலிப்பி பட்டணத்தில் என்ன ஆனது? அடி, சிறை, காலில் தொழுமரம். சிரமம் வந்ததை வைத்து வழி தப்பியது என்று முடிவு கட்ட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. சிரமம் வந்தாலே அது சரியான வழி என்றும் சொல்லிவிட முடியாது. அது இன்னொரு பக்கத்து முட்டாள்தனம்.

வேதத்தில் நான் பார்க்கும் வழிநடத்துதல் பெரும்பாலும் மிகச் சாதாரணமாக இருக்கிறது. எரேமியாவைப் பிற்பாடு சேறு நிறைந்த துரவில் இறக்கிவிட்டார்கள். காப்பாற்ற வந்தது வானத்து நெருப்பு அல்ல, எபெத்மெலேக் என்ற எத்தியோப்பிய அரண்மனை ஊழியர், அவரும் அந்நியர். முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு, அரண்மனைப் பொக்கிஷ அறைக்குக் கீழே கிடந்த கந்தைத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். கயிற்றில் கட்டி அவற்றை இறக்கி, அக்குளில் துணியை வைத்து அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மேலிருந்து குரல் கொடுத்தார். தூக்கும்போது கயிறு அறுத்துவிடக் கூடாதே என்று. ராஜாக்களின் போர்களை இரண்டு வரியில் முடிக்கும் வேதம், இந்தக் கந்தைத் துணிக்கு இத்தனை இடம் கொடுக்கிறது. கடவுள் கூட இருந்தார் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

2020 ஏப்ரலில் இதை நாம் நேரில் பார்த்தோம். அந்த மாதம் 5-ஆம் தேதி பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த இரண்டு பெரிய ஊழியர் விடுதிகள் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவிக்கப்பட்டன. 7-ஆம் தேதி ‘சர்க்கிட் பிரேக்கர்’ என்ற நாடு தழுவிய கொவிட் முடக்கம் தொடங்கியது. ஆலயங்கள், பள்ளிவாசல்கள், கோயில்கள் எல்லாம் மூடியிருந்தன. மற்றவர்களுக்கு ஜூன் தொடக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டு தளர்ந்தது. விடுதிகளில் இருந்தவர்களுக்கோ வேலைக்கும் விடுதிக்கும் இடையில் மட்டுமே வாழ்க்கை என்று நெடுங்காலம் நீடித்தது. அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஏராளம். அந்த நாள்களில் ஜூமில் நடந்த தமிழ் ஜெபக்கூட்டங்களில் இரட்டை அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்தபடி, காதில் இயர்போனோடு, கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பலர். பிரசங்கத்துக்குப் பிறகு அவர்கள் கேட்டது பெரும்பாலும் வேத விளக்கம் அல்ல. டாப்-அப் கார்டு, சாப்பாட்டில் கொஞ்சம் காரம், ஊரில் அம்மாவுக்குப் பணம் அனுப்ப ஒரு வழி. பல மதத்து அமைப்புகளும் தன்னார்வலர்களும் அதைச் செய்தார்கள். எபெத்மெலேக்கின் வேலை அது.

தீர்க்கதரிசி எலியாவின் கதையிலும் முதல் உதவி சாப்பாடுதான். கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட கையோடு, அரசி யேசபேலின் மிரட்டலில் ஓடிப்போய், வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். வந்த தூதன் அறிவுரை சொல்லவில்லை. விசுவாசத்தை அளந்து பார்க்கவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், தூங்கினார். தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். கர்த்தர் கேள்வி கேட்டது, அவர் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகு. அங்கேயும் கடைசியில் கிடைத்தவற்றில் ஒன்று, எலிசா என்ற ஒரு கூட்டாளி.

நம் ஜெபக்குழுக்களில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் வசனம், அப்புறம் காரணம் தேடுதல், கடைசியில் நேரமிருந்தால் காபி. யோபுவின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்; வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. பாஸ் ரத்தானவரின் வீட்டுக்குப் போகும்போது மனிதவள அமைச்சின் விதிகள் தெரிந்த ஒருவரையும், வேலை பார்த்துச் சொல்லக்கூடிய ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஊருக்குத்தான் போக வேண்டியிருந்தால், சாமான் கட்டவும் பள்ளியில் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கவும் கூட நிற்கலாம். அந்த ஊரில் அவர்களுக்கு ஒரு சபையைத் தேடிக் கொடுக்கலாம். சீக்கிரம் விடிய வேண்டும் என்று ஜெபிப்பதையும் விட வேண்டியதில்லை. எரேமியாவே ஆமென் சொன்னார்.

அப்புறம் ஒன்று. எலியாவைப் போல “போதும்” என்று யாராவது சொன்னால், அதை ஜெபக் குறிப்பாக மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் 2020 ஜனவரியிலிருந்து குற்றமில்லை. போலீஸ் கேஸாகிவிடும் என்ற பயம் இன்னும் நம் குடும்பங்களில் இருக்கிறது, அதைச் சொல்லிப் புரிய வையுங்கள். சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். பலதுறை மருந்தகத்துக்குப் போக அவர் தயங்கினால், காலையில் நேரம் எடுத்து நீங்களே கூடப் போங்கள்.